அடுத்தவள் சேலையில் தூங்கிய பிள்ளை

பிள்ளைக்காம்பரா வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தங்கச்சிமாருக்கு இதை எழுதுகிறேன். தாய்மார் மலைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன பிறகு அவர்களுடைய கைப்பிள்ளைகளைச் சாயங்காலம் வரை வைத்துப் பார்க்கிற வேலை. போத்தலை எப்படிக் கழுவுவது, வயிற்றோட்டத்துக்கு என்ன கொடுப்பது என்பதையெல்லாம் இப்போது உங்களுக்கு ஆள் வைத்துச் சொல்லித் தருகிறார்களாம். நல்லது. எங்கள் காலத்தில் கையில் ஒரு சாவியையும் விளக்குமாற்றையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மற்றதைப் பிள்ளைகள் அழுது அழுது கற்றுக்கொடுத்தன.

நான் எழுத வந்தது பொறாமையைப் பற்றி. பேதியையும் இருமலையும்விட அதிகமாக நீங்கள் பார்க்கப்போவது அதைத்தான். அதற்கு டாக்டர் ஐயாவின் அலுமாரியில் மருந்து கிடையாது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. வாத்தியார் லீவில் போனவர் திரும்பி வரவில்லை, நானும் போகவில்லை. ஒரு தோட்டத்தில் இரண்டு தீபாவளி கழிந்துவிட்டால் எனக்குக் கால் நிற்காது. புருஷன் என்னை ஒரு தோட்டத்தில் விட்டுவிட்டுப் போனான். நான் அதற்குப் பிறகு பல தோட்டங்களை விட்டுவிட்டுப் போனேன். இறம்பொடையில் கொழுந்துக் கூடையோடு தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து முழங்கால் கோணலாகச் சேர்ந்துகொண்டது. மலை ஏற முடியாதவளை என்ன செய்வது என்று யோசித்து ஆயா ஆக்கினார்கள். பிள்ளைகள்மேல் எனக்குத் தனிப் பிரியம் என்று எவளாவது சொன்னால் நம்பாதீர்கள். முழங்கால்தான் காரணம்.

முதலில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டம். அங்கே காம்பராவில் என்னோடு இன்னொரு ஆயாவும் இருந்தாள். என் வயதுதான், வாய் மட்டும் என்னைவிட நீளம். ஒருநாள் ஒரு பையன் தொட்டில் கயிற்றை விட்டுவிட்டு அடுப்பு வரை நடந்து வந்தான். முதல் நடை. சாயங்காலம் அவன் தாய் கூடையை இறக்கிவிட்டு வந்ததும் நான் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது. "அப்படியா" என்றாள். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவள் லயத்து வீட்டு வாசலில் நிறுத்தி நடக்கச் சொன்னாள். அவன் நடக்கவில்லை. அடுத்த நாளும் நிறுத்தினாள். விழுந்தான். கையை ஓங்கிவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள்.

கூட இருந்த ஆயா வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒனக்கு யாருடி வாயத் தொறக்கச் சொன்னது? அவ புள்ள மொத மொத நடக்கிறத அவதான் பாக்கணும். நாம பாத்தா முழுங்கிரணும். முழுங்கத் தெரியாதவ இந்த வேலைக்கு வரக்கூடாது."

அன்றிலிருந்து முதல் பல், முதல் சொல், முதல் அடி எல்லாவற்றையும் நான் முழுங்கினேன். தாய்மார் மறுநாள் ஓடிவந்து "ஆயாம்மா, நேத்து நடந்துட்டான்" என்பார்கள். "அடி ஆத்தே, எப்ப?" என்று கேட்பேன். இதை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். பொய்யாகத் தோன்றினால் வேறு வேலை பாருங்கள்.

இனி நோர்வூட்டில் நடந்தது. இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

அந்தத் தோட்டத்துக் காம்பரா தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு மூலையில் அடுப்பு. குறுக்கே போன மரச் சட்டத்தில் தொட்டில்கள் தொங்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் தாயின் பழைய சேலைதான் தொட்டில். அது வழக்கம். காரணம் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் தாயின் சேலையில் போட்டால் பிள்ளை சீக்கிரம் அடங்கும். அதில் அவள் வாசம் இருக்கிறது.

நான் போன புதிதில் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. வெளியே மழை கொட்டும். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு அவர்கள் மலை ஏறுவார்கள். நான் கூரைக்குக் கீழே நிற்பேன்.

"ஆயாம்மாவுக்கு என்னா கொற. அட்டக்கடி உண்டா, கங்காணி ஏச்சு உண்டா. தொட்டில ஆட்டிக்கிட்டே நாள் கூலிக்குப் பேரு விழுந்துரும்."

"நீயும் ஒரு காலக் கோணலாக்கிக்க. ஒனக்கும் குடுப்பாங்க."

அப்படிப் பேசிவிட்டு அதே பெண்கள் தங்கள் பிள்ளைகளை என் கையில் வைத்துவிட்டுப் போவார்கள். நனைகிறவளுக்குக் காய்ந்திருப்பவள்மேல் எரிச்சல் வரத்தான் செய்யும். இதற்கெல்லாம் பதில் சொல்லக்கூடாது.

கையில் வைக்கிற விதத்திலேயே அன்றைய பொழுது எப்படி என்று தெரிந்துவிடும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறவள் பிள்ளையைக் கிட்டத்தட்ட எறிவாள். பயந்தவள் வாசல் வரை போய்த் திரும்பி வந்து தொட்டில் முடிச்சைத் தொட்டுப் பார்ப்பாள். பொறாமைக்காரியைச் சாயங்காலம்தான் கண்டுபிடிக்கலாம். வாங்கியதும் பிள்ளையின் உச்சந்தலையை மோந்து பார்ப்பாள், யார் எண்ணெய் மணக்கிறது என்று. தாய் எந்த மனதோடு விட்டுப் போகிறாளோ அந்த மனதோடுதான் பிள்ளை மத்தியானம் வரை கிடக்கும். இது என் அனுபவம். படித்தவர்கள் வேறு சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராமாயி மோந்து பார்க்கிறவள். இறம்பொடைப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். புருஷன் வேலு தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவர்களுக்கு ஒரே பையன், ராசு. அப்போது தவழ ஆரம்பிக்கவில்லை. அவளுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு முள் இருந்தது. பெயர் தங்கம். தங்கம் வேலுவின் மாமன் மகள். இரண்டு பேருக்கும் பரிசம் வரை போய், வீட்டுக்கு வீடு பேச்சு முற்றி நின்றுபோயிருந்தது. பிறகு தங்கம் மேல் லயத்தில் வேறொருவனைக் கட்டிக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தாள். அவளுடைய பெண் குழந்தையும் என் காம்பராவில்தான் இருந்தது. ராமாயியும் தங்கமும் ஒரே கங்காணியிடம் கொழுந்து எடுத்தார்கள். காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிள்ளைகளைக் கொண்டுவருவார்கள். ராமாயி தொட்டிலைப் பார்க்கமாட்டாள், தங்கத்தின் கொண்டையைத்தான் பார்ப்பாள். அவள் மகன் ராசு தூங்காத பிள்ளை. கண் சொக்கும், திடுக்கிட்டு விழிக்கும், கத்தும்.

மழை மாதம். துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்தினாலும் புகை நாற்றத்தோடு ஈரமாகவே இருக்கும். ஒருநாள் ராசு தன் தொட்டிலை நனைத்தான். மாற்றுச் சேலையும் ஈரம். காய்ந்தது ஒன்றே ஒன்று இருந்தது, தங்கம் கூடுதலாகக் கொடுத்துவைத்திருந்த நீலச் சேலை. நான் யோசிக்கவில்லை. குளிரில் பிள்ளையை எங்கே போடுவது? அதையே கட்டி அவனைப் போட்டேன். என்ன மாயமோ, அந்தப் பையன் அசையாமல் தூங்கினான். அந்தச் சேலை காய்ந்திருந்தது, சூடாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். ஆனால் அவன் தூங்கிய தூக்கத்தைப் பார்த்து நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் தாய்மார் பால் கொடுக்க இறங்கி வருகிற நேரம் என்பதையே மறந்துவிட்டேன்.

ராமாயி முதலில் உள்ளே வந்தாள். தன் சேலை கயிற்றில் தொங்குவதைப் பார்த்தாள். பிறகு நீலச் சேலையைப் பார்த்தாள். அதன் உள்ளே மகன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

பின்னால் வந்த தங்கம் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. "அட, நம்ம சேலையிலயா தூங்குறாரு தொர."

அதோடு போயிருக்கும். வாசலில் படங்கைப் பிழிந்துகொண்டிருந்த ஒருத்தி, யார் என்று இப்போது வேண்டாம், குனிந்தபடியே சொன்னாள்: "அப்பனுக்கு வாய்க்காதது மகனுக்கு வாய்ச்சிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

ராமாயி பிள்ளையைத் தொட்டிலிலிருந்து பறித்தாள். திடுக்கிட்டு எழுந்தவன் வீறிட்டான். உட்கார்ந்து மார்பில் வைத்தாள். மழையில் நனைந்து வந்த உடம்பு, சாக்கு நாற்றம், விறைத்த கை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் திரும்பவும் வைத்தாள், அவன் திரும்பவும் திருப்பினான். அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. அது இன்னும் மோசம். அவனைக் கம்பளிக்குள் சுருட்டிக்கொண்டு அவள் வெளியே போனாள்.

மறுநாள் காலை ராசு வரவில்லை. சுகமில்லையோ என்று நினைத்தேன். பெரட்டில் வேலை பிரித்து முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு கங்காணி குடையோடு காம்பரா வாசலில் வந்து நின்றார். நல்ல மனிதர். சங்கடமான விஷயத்தைக் குடையைப் பார்த்துத்தான் பேசுவார்.

"ஆயா, அந்த ராமாயி புள்ளய மலைக்குத் தூக்கிட்டு வந்திருக்கு. தேயில நிரை முடியிற தொங்கல்ல, கல்லு மறைவுல, கம்பளிக்குள்ள சுத்தி வச்சிருக்கு."

"இந்த மழையிலயா?"

"நான் பாக்காத மாதிரிதான் இருக்கேன். சின்னத் தொர பாத்தா அவ பேர வெட்டிருவாரு. வேலுவோட சேத்து லயத்தை விட்டே வெரட்டிருவாரு. நீயே போயிச் சொல்லு. ஒன்னாலதானே வந்துச்சு."

அன்று சாயங்காலம் அவள் லயத்துக்குப் போனேன். இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நான் போய் நடந்ததை விளக்கினேன். சேலை காயவில்லை, வேறு துணி இல்லை, வேண்டுமென்று செய்யவில்லை என்று. எல்லாம் உண்மை. அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"காயலைன்னா என் புள்ள ஈரத்துல கெடந்துட்டுப் போகட்டும். ஒங்களுக்கு என்ன?"

"ஈரத்துல கெடந்தா சளி புடிக்கும்டி. அதுல அவன் நல்லாத் தூங்கினான், தெரியுமா? ஒருநாளும் அப்படித் தூங்கினதில்ல."

ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "போயிருங்க ஆயாம்மா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

பொறாமையில் இருப்பவளிடம் உண்மையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் கொண்டுபோகிற ஒவ்வொரு உண்மையும் அவளுக்கு இன்னொரு விறகு. பிள்ளை நன்றாகத் தூங்கினான் என்றால் அவள் காதில் விழுவது, உன் சேலையில் தூங்கவில்லை என்பதுதான்.

அடுத்து வேலுவைப் பிடித்தேன். அது முதல் தவறைவிடப் பெரிய தவறு. ஆண்பிள்ளை சொன்னால் கேட்பாள் என்று நினைத்தேன். அவன் வீட்டுக்குப் போய், லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்: "தங்கம் சேல என்ன பாம்பா? கடிச்சிருமா?" அவன் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததும் முடிந்தது. அதற்குப் பிறகு ராமாயி அவனோடும் பேசவில்லை. மறுநாள் இன்னும் சீக்கிரமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனாள்.

அப்படிச் சில நாட்கள். மழை விடவில்லை. ஒருநாள் மத்தியானம் தங்கம் தன் பெண்ணுக்குப் பால் கொடுத்துக்கொண்டே என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்: "ஆயாம்மா, அது இன்னைக்கு அழல."

"எது?"

"கல்லு மறைவுல கெடக்கிறது. நேத்து வரைக்கும் அழுதுச்சு. இருமிச்சு. இன்னைக்குச் சத்தமே இல்ல. நான் கிட்டப் போனா அவ என்னை அறுத்துப் போட்டுருவா. நீங்க போங்க."

அழுகிற பிள்ளையைப் பற்றிப் பயப்படாதீர்கள். அழுகையை விட்ட பிள்ளைக்குத்தான் ஓட வேண்டும். காம்பராவைக் கஞ்சி காய்ச்சுகிற பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு மலை ஏறினேன். ஏறினேன் என்று எழுதுவது சுலபம். முழங்காலைக் கையால் தூக்கித் தூக்கி வைத்துப் போனேன்.

ராசு ஒரு பாறைக்குக் கீழே கம்பளிச் சுருட்டுக்குள் கிடந்தான். காதுக்குப் பின்னால் ஒரு அட்டை தொங்கியது. உதடு நீலம். மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது. ராமாயி பாதி நிரையில் இருந்தாள். அவள் கூடையைப் பார்த்தேன். பாதி முற்றல் இலை. கண் பிள்ளைமேல் இருந்தால் கை எதைத்தான் கிள்ளாது? அடுத்த நிரையில் தங்கம், குனிந்த தலை நிமிராமல்.

ராமாயி என்னைக் கண்டதும் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "தொடாதீங்க."

"மூச்சப் பாருடி."

"தெரியும். எனக்குத் தெரியாதா? சாயங்காலம் நானே டாக்டர் ஐயாகிட்டத் தூக்கிட்டுப் போவேன்."

சாயங்காலம் வரை அந்த மூச்சு இருக்காது என்று எனக்குத் தெரிந்தது. பறித்துக்கொண்டு ஓடலாமா என்று நினைத்தேன். இந்தக் காலோடு எவ்வளவு தூரம் ஓடுவேன்? அப்போது கீழே நாய் குரைத்தது. சின்னத் துரையின் நாய். கங்காணி "எடு, எடு, கொழுந்த எடு" என்று சும்மாவே கத்தினார். ராமாயி ஒளிய இடம் தேடினாள். தேயிலைச் செடி இடுப்பளவுதான். பிள்ளையோடு எங்கே ஒளிவது?

துரை மழைக்கோட்டோடு வந்து நின்றார். பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏய், நீ காம்பரா பொம்பளதானே? இங்கே என்ன?"

நான் கைகூப்பினேன். "தொரைங்களே, புள்ளைக்கு முடியல. போத்தல் பால் குடிக்க மாட்டேங்குது. தாய்ப்பாலு குடுக்கலாம்னு நான்தான் தூக்கிட்டு வந்தேங்க."

"மழையில கொண்டு வந்தது? ஒனக்கு மூளை இருக்கா?"

"இல்லைங்க தொர."

"இன்னைக்கு ஒனக்கு அரைப் பேரு. புள்ளய டிஸ்பென்சரி கொண்டு போ. தாய் வேலை பாக்கணும். நான் அந்த மூல வரைக்கும் போயித் திரும்பி வருவேன். அப்ப நீ இங்க இருக்கக்கூடாது."

அவர் நாயோடு நடந்தார். அரை நாள் கூலி போனது. அது போகட்டும். நான் பழியை ஏற்றுக்கொண்டதால் ராமாயி இளகுவாள் என்று எதிர்பார்த்தேன். இளகவில்லை. நன்றியால் அந்த நெருப்பு அணையாது, எழுதிவைத்துக்கொள்ளுங்கள். துரை திரும்பி வரும்போது பிள்ளை அவள் கையில் இருந்தால் பேர் வெட்டு, வீடு போச்சு. அது அவளுக்கும் தெரியும். பிள்ளை மூச்சு திணறுகிறது, அதுவும் தெரியும். இரண்டும் தெரிந்தும் கை விடவில்லை. அவள் முட்டாள் இல்லை. இன்னொரு பெண் கையில் அவனைக் கொடுத்தால் இந்தத் தடவை அவன் திரும்பி வரமாட்டான் என்று அந்தக் கை நம்பியது. அறிவு சொல்வதைக் கை கேட்காத நேரம் ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் கையோடுதான் பேச வேண்டும்.

"ராமாயி, ஒன் ரவிக்கையக் கழட்டு" என்றேன்.

"என்னாது?"

"கம்பளிக்குள்ள அது ஒண்ணுதான் காஞ்சிருக்கும். பாலும் ஊறியிருக்கும். ஒன் வாசம் இல்லாம இவன் எங்கிட்ட வரமாட்டான்டி. வழியெல்லாம் கத்தியே செத்துருவான். கழட்டிக் குடு. என்னோடதப் போட்டுக்க."

அவன் கத்துகிற நிலையில் இல்லை. அவளும் அதைப் பார்க்காமல் இல்லை. ஆனாலும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை நாளில் அவளிடம் பிள்ளையைக் கொடு என்று எல்லோரும் சொன்னோம். நீ இல்லாமல் ஆகாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

"இங்கயா?" என்றாள்.

யாரும் கூப்பிடாமலே தங்கம் தன் கம்பளியை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்து நின்றாள். மழை அவள் தலையில் கொட்டியது.

ராமாயி சொன்னாள்: "அவளத் திரும்பி நிக்கச் சொல்லுங்க."

"எங்கிட்டயும் அதேதான்டி இருக்கு. புதுசா என்னத்தப் பாக்கப்போறேன்."

"திரும்பி நில்லுன்னா திரும்பி நில்லு."

தங்கம் திரும்பி நின்று, கம்பளியைத் தலைக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தாள். பக்கத்து நிரைப் பெண்கள் மலையைப் பார்த்தார்கள். கங்காணி குடையைப் பார்த்தார். நானும் ராமாயியும் செடிகளுக்கு நடுவே குந்தி ரவிக்கையை மாற்றிக்கொண்டோம். என்னுடையது அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. அவளுடையது சூடாக, புளித்த பால் மணத்தோடு இருந்தது. நான் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. ராசுவை என் வெறும் நெஞ்சோடு சேர்த்து, அவன் கன்னத்துக்குக் கீழே அந்த ரவிக்கையை வைத்து, மேலே என் சேலையைச் சுற்றினேன். அவளே முந்தானையை இழுத்து முடிச்சுப் போட்டாள். இறுக்கமாகப் போட்டாள்.

"அவன் மூக்குகிட்ட இருக்கட்டும். எடுத்துராதீங்க."

"எடுக்கமாட்டேன்."

குறுக்குப் பாதையில் இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்பதில் உங்களுக்குப் பாடம் எதுவும் இல்லை. பாதி தூரம் உட்கார்ந்து சறுக்கினேன்.

டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளையைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழும்பிவிட்டார். "ஆர் இந்தப் பிள்ளையை மழைக்குள்ள வச்சிருந்தது? உங்களுக்கு அறிவு எண்டு ஒண்டு இல்லையோ?" என்று ஏசிக்கொண்டே காதை வைத்து நெஞ்சைக் கேட்டார். சூடு போட்ட கம்பளித் துணியில் சுற்றினார். ரவிக்கையைத் தூக்கி மூலையில் எறியப் போனார்.

"அது இருக்கட்டும் ஐயா."

"ஊத்தைத் துணி. என்னத்துக்கு?"

"தாய் வச்சுவிட்டது. எடுக்கமாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

கொஞ்சம் யோசித்தார். மூக்கைச் சுளித்தார். அடுப்பில் காட்டிச் சூடாக்கி அவரே தலைமாட்டில் வைத்தார். ஊசி போட்டார். தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி ஒன்றை மறித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கொழுந்தைத் தராசில் நிறுத்தவுடன் ராமாயி கூடையைப் போட்டுவிட்டு என் ரவிக்கையோடேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இரண்டு நாள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்களாம். மூன்றாம் நாள் பால் குடித்தான்.

ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் இரவும் பகலும் ஒரே கட்டிலில் இருந்தார்கள். பிறகு லயத்திலும் சில நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை. போயிருந்தால் நான் காப்பாற்றிய பிள்ளையைப் பார்க்க வந்ததாக ஆகியிருக்கும். வேலுவிடமும் எதுவும் கேட்கவில்லை. தங்கத்தையும் அந்தப் பக்கம் போகாதே என்று தடுத்துவைத்தேன். "நான் ஏன் போறேன். அவ மூஞ்சியப் பாக்க எனக்கு என்ன வேண்டுதலா?" என்றாள். அவர்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகும் பேசிக்கொள்ளவில்லை. நான் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை பேசவில்லை. நீங்கள் ஆட்களைச் சேர்த்துவைக்கப் போகாதீர்கள். பிள்ளை உயிரோடு இருந்தால் போதும்.

வேலைக்குத் திரும்பிய அன்று, பெரட்டு முடிந்த கையோடு ராமாயி வந்தாள். வருவாளா மலைக்கே தூக்கிக்கொண்டு போவாளா என்று எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. தங்கம் அங்கேதான் தன் பெண்ணைத் தொட்டிலில் போட்டுக்கொண்டிருந்தாள். ராமாயி அவளைப் பார்க்காமல் வந்து என் முன்னால் நின்று பிள்ளையை நீட்டினாள்.

நான் கை வைத்ததும் ராசு வீறிட்டான். இத்தனை நாள் தாயோடேயே கிடந்தவன் இல்லையா. அவள் ரவிக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். ஒரு விரலைப் பிரித்தால் மற்றொன்று பிடித்தது. மேலே இருந்து கங்காணி கூப்பிட்டார்: "ஏ ராமாயி, நிரை பிரிச்சாச்சு."

விரலை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மலர்ந்துவந்ததை நான் பார்த்தேன். பிள்ளை தொண்டை கிழியக் கத்துகிறான், தாய் சிரிக்கிறாள். சந்தோஷம் என்றால் எப்படி இருக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால் அந்த முகத்தைத்தான் சொல்வேன்.

"பாத்தீங்களா ஆயாம்மா" என்றாள் சத்தமாக, அறை முழுக்கக் கேட்கும்படி. "விடமாட்டேங்கிறான்."

"எப்படி விடுவான்."

அவள் படியிறங்கிப் பாதையில் நடந்தாள். இரண்டு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தாள். அவன் என் இடுப்பில் வில்லாக வளைந்து அவள் பக்கம் கையை நீட்டினான். என் கன்னத்தில் நகத்தால் கீறினான். அந்தக் காலோடு இவனுக்காக மலையில் சறுக்கி இறங்கியவள் நான். என்னை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. எரியாது என்று நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அவனை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியும். அடுப்படிக்குத் தூக்கிப் போய் நெருப்பைக் காட்டி, முதுகில் தட்டிக்கொண்டே நாலு நடை நடந்தால் அடங்கிவிடுவான். எத்தனை பிள்ளைகளை அடக்கியிருக்கிறேன். நான் உள்ளே போகவில்லை. வாசலிலேயே, பாதையைப் பார்த்தபடி, அவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தங்கம் கூடையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "உள்ள தூக்கிட்டுப் போங்க ஆயாம்மா. தொண்ட கட்டிரும்."

"நீ போடி."

ராமாயி அவசரப்படாமல் ஏறினாள். நின்று கேட்டாள், ஏறினாள். அவள் கம்பளி வளைவில் மறைந்தது. சத்தம் இன்னும் கொஞ்ச தூரத்துக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தூரத்தையும் அவள் நடந்து முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகுதான் அவனை உள்ளே தூக்கிப் போனேன்.